44 டி.பி. வேண்டாம், 28 போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறிய மருத்துவமனைகளும் கல்லூரிகளும் சொந்தமாக ஸ்டோரேஜ் (டேட்டாவைச் சேமிக்கும் பெட்டி) வாங்கி வைத்துக்கொள்வது பற்றி சென்ற வாரம் உங்கள் கணினிப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. தமிழில் இதைப் பற்றி எழுதுபவர்கள் மிகக் குறைவு, அதனால் முதலில் நன்றி. ஆனால் ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று கெட்டாலும் டேட்டா நிற்கும்படி அமைக்கும் முறை) போட்டுவிட்டால் டிஸ்க் போனாலும் டேட்டா போகாது என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்த நம்பிக்கையால்தான் பல இடங்களில் டேட்டா போயிருக்கிறது. நான் ஸ்டோரேஜ் நிறுவிப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன், திருச்சியைச் சுற்றியுள்ள ஊர்களில்தான் பெரும்பாலும் வேலை. கடிதம் நீளம், இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், டிஸ்க் குரூப் பற்றிய பகுதியை மட்டும் முழுதாகப் போடுங்கள்.

டெல் கம்பெனியின் பவர்வால்ட் எம்.டி. ஸ்டோரேஜ் வரிசையை எடுத்துக்கொள்கிறேன், நம் பக்கத்தில் நான் அதிகம் பார்த்தது அதுதான், இன்றும் பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. எம்.டி.3200 என்றால் முன்பக்கம் 12 டிஸ்க் போடலாம், பின்பக்கம் டிஸ்க்குகளை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் இரண்டு, இரண்டு பவர் சப்ளை. அந்த 12 டிஸ்க்கையும் சர்வர் நேரடியாகப் பார்ப்பதில்லை. முதலில் சில டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரு டிஸ்க் குரூப் ஆக்கி, அதற்கு எந்த ரெய்டு (5, 6, 10 என்று வகைகள் உண்டு) என்று சொல்ல வேண்டும். அப்புறம் அந்த குரூப்பிலிருந்து தேவைப்படும் அளவுக்கு விர்ச்சுவல் டிஸ்க் வெட்டி எடுத்து, அதை எந்த சர்வருக்குக் காட்டுவது என்று மேப்பிங் செய்ய வேண்டும். சர்வருக்குத் தெரிவது கடைசியில் வரும் அந்த விர்ச்சுவல் டிஸ்க் மட்டும்தான். மற்ற கம்பெனிப் பெட்டிகளில் பூல் என்பார்கள், வால்யூம் என்பார்கள், லன் என்பார்கள், விஷயம் ஒன்றுதான்.

பெட்டியோடு வரும் சாஃப்ட்வேரில் டிஸ்க் குரூப் உருவாக்கப் போனால் முதலில் ஒரு பெயர் கேட்கும். அடுத்து, டிஸ்க்குகளை அதுவே தேர்ந்தெடுக்கட்டுமா அல்லது நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்களா என்று கேட்கும். அவசரத்தில் இருப்பவர் ஆட்டோமேட்டிக்கை வைத்து நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று போய்விடுவார். மேனுவல் எடுத்தால்தான் எந்த ஸ்லாட்டில் இருக்கும் டிஸ்க் எந்த குரூப்பில் சேர்கிறது என்பதை நாமே முடிவு செய்ய முடியும், ரெய்டு எண்ணை மாற்றி மாற்றிப் போட்டு, கொள்ளளவைக் கணக்கிடும் பட்டனை அழுத்திப் பார்க்க முடியும். ரெய்டு 5 போட்டால் பெரிய எண் வரும், ரெய்டு 6 போட்டால் கொஞ்சம் குறையும், எதையும் இரண்டு டிஸ்க்கில் எழுதும் ரெய்டு 10 போட்டால் பாதியாகிவிடும். பக்கத்தில் நிற்கும் நிர்வாக அதிகாரி உடனே, "பெரிசையே போடுங்க தம்பி, இவ்வளவு காசு கொடுத்து வாங்கியிருக்கோம்ல" என்பார். வந்தவரும் மாலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், போட்டுவிட்டு இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். அடுத்த ஐந்தாறு வருடத்துக்கு அந்த இடத்தின் டேட்டா எவ்வளவு பத்திரம் என்பது அந்த ஒரு திரையில் முடிவாகிவிடுகிறது, ஆனால் அது தெரிந்தவர் யாரும் அங்கே இருப்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். 12 டிஸ்க், ஒவ்வொன்றும் 4 டி.பி. (டெராபைட்). எல்லாவற்றையும் ஒரே குரூப்பாக ரெய்டு 5-ல் போட்டால் ஒரு டிஸ்க் அளவு பேரிட்டிக்கு (போன டேட்டாவைத் திரும்பக் கணக்கிட உதவும் கூடுதல் தகவல்) போய் 44 டி.பி. கிடைக்கும். (விண்டோஸில் பார்த்தால் 40 என்றுதான் காட்டும், டிஸ்க் கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது, வேறொன்றுமில்லை. இதை வைத்து வெண்டரோடு சண்டை போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.) இந்த அமைப்பில் ஒரு டிஸ்க் போனால் தாங்கும். இரண்டாவது போனால் அந்த டிஸ்க்கில் இருந்தது மட்டும் போகாது, 44 டி.பி.யும் போய்விடும். ஸ்பேர் டிஸ்க்கும் கிடையாது, ஏனென்றால் 12 ஸ்லாட்டும் குரூப்பில் சேர்ந்துவிட்டது.

இதே பெட்டியில் நான் ஒரு மருத்துவமனைக்குப் போடுவது வேறு மாதிரி. 4 டிஸ்க்கை எடுத்து ரெய்டு 10, அதில் 8 டி.பி., பில்லிங், லேப், மருந்தகம் எல்லாம் ஓடும் டேட்டாபேஸ் அதில் உட்காரும். 7 டிஸ்க்கை எடுத்து ரெய்டு 6, அதில் 20 டி.பி., எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களுக்கு. மீதி ஒரு டிஸ்க் ஹாட் ஸ்பேர், அதாவது ஒன்று போனால் அந்த இடத்துக்கு வரத் தயாராக இருப்பது. மொத்தம் 28. 44-ஐப் பார்த்தவருக்கு 28 என்றால் வயிறு எரியத்தான் செய்யும், 16 டி.பி. எங்கே போனது என்று கேட்பார், நியாயமான கேள்விதான். பதிலையும் முழுதாகச் சொல்கிறேன்.

ரெய்டு என்ற யோசனையை 1988-ல் கட்டுரையாக எழுதியவர்கள் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர். அவர்கள் உதாரணமாக எடுத்துக்கொண்ட சின்ன டிஸ்க்கின் கொள்ளளவு 100 மெகாபைட், வேகம் விநாடிக்கு 1 மெகாபைட். அதை முழுதாகப் படிக்க இரண்டு நிமிடம் கூட ஆகாது. இன்றைக்கு 4 டி.பி. டிஸ்க், விநாடிக்கு 150 மெகாபைட் என்று வைத்துக்கொண்டாலும் முழுதாக எழுத ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கொள்ளளவு 40,000 மடங்கு ஏறியிருக்கிறது, வேகம் அதற்கு ஈடாக ஏறவே இல்லை. அதுவும் அந்த ஏழு மணி நேரம் பெட்டி வேறு வேலை எதுவும் பார்க்காமல் இருந்தால் மட்டும்தான். காலை ஓ.பி. நேரத்தில் சர்வரும் இழுத்துக்கொண்டிருக்கும்போது ரீபில்ட் (போன டிஸ்க்கில் இருந்ததைப் புது டிஸ்க்கில் திரும்ப எழுதுவது) ஒரு நாளைத் தாண்டிப் போவது சாதாரணம்.

அந்த நேரம் முழுக்க ரெய்டு 5 குரூப் பாதுகாப்பே இல்லாமல் நிற்கிறது. மீதி 11 டிஸ்க்கையும் முதலிலிருந்து கடைசி வரை, 44 டி.பி.யும் பிழையில்லாமல் படித்தால்தான் புது டிஸ்க்கில் போனதைத் திருப்பி எழுத முடியும். வீட்டுக் கம்ப்யூட்டரில் போடும் சாதாரண டிஸ்க்குகளுக்கு, ஒன்றுக்குப் பின் 14 சுழி போட்ட அத்தனை பிட் படித்தால் ஒரு பிட் படிக்க முடியாமல் போகலாம் என்று கம்பெனிகளே அச்சடித்துக் கொடுக்கின்றன. அதை டி.பி.யில் சொன்னால் 12.5 தான். சர்வர் தரத்து டிஸ்க்குகளுக்கு இது 10 மடங்கு, 125 டி.பி. இவை கம்பெனி சொல்லும் வரம்புகள், நிஜத்தில் டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன, அது உண்மை. ஆனால் விலை குறைவு என்று வெளியே சாதாரண டிஸ்க் வாங்கிப் பெரிய ரெய்டு 5-ல் போடுபவர்கள் 44 டி.பி. படிப்பதற்குள் ஒரு பிழையைச் சந்திக்கும் வாய்ப்பைத் தாங்களே வரவழைத்துக்கொள்கிறார்கள். ரெய்டு 6-ல் இரண்டாவது பேரிட்டி இருப்பதால் ரீபில்ட் நடக்கும்போது இன்னொரு டிஸ்க் மக்கர் செய்தாலும் தாங்கும். 28-ஆகக் குறைந்ததில் ஒரு பகுதி இதற்குத்தான் போனது.

அப்படியானால் எல்லாவற்றையும் ரெய்டு 6-ல் போட்டுவிடலாமே என்றால், டேட்டாபேஸ் மெதுவாகும். ஒரு சின்ன பில் வரியை மாற்ற ரெய்டு 5 பழைய டேட்டாவைப் படித்து, பழைய பேரிட்டியைப் படித்து, இரண்டையும் புதிதாக எழுத வேண்டும், நான்கு வேலை. ரெய்டு 6 என்றால் ஆறு. ரெய்டு 10 என்றால் இரண்டு இடத்தில் எழுதினால் முடிந்தது. ஸ்கேன் படம் ஒரு தடவை எழுதிப் பல தடவை பார்ப்பது, அதற்கு ரெய்டு 6 தாராளமாகப் போதும். பில் கவுண்டரில் வரிசை நிற்கும் இடத்துக்கு ரெய்டு 10.

ஹாட் ஸ்பேர் என்பது பெட்டிக்குள்ளேயே சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் ஸ்டெப்னி. டிஸ்க் ஒன்று போனதும் யாரையும் கேட்காமல் ரீபில்ட் தொடங்கிவிடும், ராத்திரி 2 மணிக்குப் போனாலும் சரி, பொங்கல் லீவில் போனாலும் சரி. அது குரூப்பில் உள்ள டிஸ்க்குகளின் அளவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், அதே வகையாகவும் இருக்க வேண்டும்.

டெல்டா பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் பெட்டி நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் ஒரே ரெய்டு 5, ஹாட் ஸ்பேர் இல்லை, இரண்டு டிஸ்க்கில் ஆரஞ்சு விளக்கு. சர்வர் அறையைக் கூட்டும் அம்மா வாசலில் நின்றுகொண்டு, "அந்தக் கீழ இருக்கற லைட்டு தீபாவளிக்கு முன்னாடியே எரிஞ்சுது தம்பி, நான்கூட ஆபீஸ்ல சொன்னேன்" என்றார். உள்ளே லாகைப் பார்த்தால் அவர் சொன்னது சரி, முதல் டிஸ்க் போய்ப் பல வாரம் ஆகியிருந்தது. பெட்டி தன் வேலையைச் செய்திருக்கிறது, ஒரு டிஸ்க் போனதைத் தாங்கியிருக்கிறது, விளக்கையும் எரியவிட்டிருக்கிறது. அலர்ட் மெயில் போகும் இடத்தில் முகவரி எதுவும் கொடுக்கப்படவே இல்லை. மெயில் சர்வர் பெயர், ஒரு முகவரி, ஒரு டெஸ்ட் மெயில், இவ்வளவுதான் அது, நிறுவ வந்தவர் விட்டுவிட்டார், கையெழுத்துப் போட்டவர் கேட்கவில்லை. அங்கே இருந்த ஸ்கேன் படங்களில் ஒரு பகுதி திரும்பி வரவே இல்லை. 2002-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் விதிகளின்படி உள்நோயாளிகளின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். இது விதி. பழைய ஸ்கேனோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் கட்டி வளர்ந்திருக்கிறதா என்று டாக்டர் சொல்ல முடியும் என்று காத்திருந்த நோயாளிக்கு விதியைச் சொல்லி என்ன செய்வது?

இன்னொன்று. பெட்டியில் உள்ள எல்லா டிஸ்க்கும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே லாட்டில் வந்தவை, ஒரே வெப்பத்தில் ஒரே அளவு ஓடியவை. ஒன்று போனால் மற்றவையும் அதே வயதில்தான் இருக்கின்றன. இதற்கு உலகறிந்த உதாரணம் 2019 நவம்பரில் எச்.பி.இ. நிறுவனமே வெளியிட்ட அறிவிப்பு: அவர்கள் விற்ற சில எஸ்.எஸ்.டி. மாடல்களில் ஃபர்ம்வேர் (டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் சாஃப்ட்வேர்) பிழை, 32,768 மணி நேரம் ஓடியதும் டிஸ்க் செத்துவிடும், டேட்டாவும் திரும்பாது, ஃபர்ம்வேரை அதற்குள் மாற்றிவிடுங்கள் என்றார்கள். ஒரே நாளில் ஓட ஆரம்பித்த டிஸ்க்குகள் என்றால் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் போகும், அங்கே ரெய்டு 5, 6, 10 எதுவும் நிற்காது. ஃபர்ம்வேர் அப்டேட்டுக்கு ஒரு மணி நேரம் டவுன்டைம் கேட்டால் ஆறு மாதம் இழுத்தடிக்கும் நிர்வாகங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விர்ச்சுவல் டிஸ்க் பக்கம் வருகிறேன், இதில் சுருக்கமாகவே சொல்லலாம். குரூப்பில் உள்ள இடம் முழுவதையும் முதல் நாளே ஒரே விர்ச்சுவல் டிஸ்க்காக எடுத்துவிடாதீர்கள். இந்தப் பெட்டிகளில் விர்ச்சுவல் டிஸ்க்கைப் பெரிதாக்கலாம், சின்னதாக்க முடியாது. இப்போதைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு எடுங்கள், மீதி குரூப்பில் காலியாகக் கிடக்கட்டும், ஸ்னாப்ஷாட்டுக்கும் (ஒரு நேரத்து நிலையை அப்படியே பதிந்து வைப்பது) இடம் வேண்டும். பெயர் வைக்கும்போது 1, 2 என்று வைக்காமல் எந்த சர்வர், என்ன வேலை என்று தெரிகிற மாதிரி வையுங்கள், உங்களுக்குப் பிறகு வருபவர் எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று அந்தப் பெயரை வைத்துத்தான் முடிவு செய்வார். மேப்பிங்கில் ஒரே விர்ச்சுவல் டிஸ்க்கை இரண்டு சர்வருக்குக் காட்டாதீர்கள், சர்வர்கள் ஒன்றாகச் சேர்ந்து இயங்கும் கிளஸ்டர் போட்டிருந்தால் தவிர. ஒரு கல்லூரியில் ஷேர் ஃபோல்டர் மாதிரிதானே என்று நினைத்து அப்படிச் செய்திருந்தார்கள். ஒரு சர்வர் எழுதுவது இன்னொன்றுக்குத் தெரியாது, ஒன்றன் மேல் ஒன்று எழுதி ஃபைல் சிஸ்டமே குழம்பிவிடும், டிஸ்க் ஒன்றுகூடக் கெடாமலே டேட்டா போய்விடும். அங்கே இன்டர்னல் மதிப்பெண் கோப்புகள் அப்படித்தான் போயின.

இரண்டு கன்ட்ரோலர் இருந்தால் ஒவ்வொரு விர்ச்சுவல் டிஸ்க்குக்கும் ஒன்று சொந்தக்காரர். டேட்டாபேஸை ஒன்றுக்கும் படங்களை இன்னொன்றுக்கும் பிரித்துக் கொடுங்கள், சர்வரில், ஒரு பாதை போனால் இன்னொன்றில் போக வைக்கும் மல்டிபாத் டிரைவரை மறக்காமல் போடுங்கள். விர்ச்சுவல் டிஸ்க் தனக்குரிய பாதையில் இல்லை என்று பெட்டி மஞ்சள் எச்சரிக்கை காட்டினால் கேபிளோ டிரைவரோ எங்கோ பிரச்சினை என்று அர்த்தம், ஓடுகிறதே என்று விட்டுவிடக் கூடாது. அதே மாதிரி கன்ட்ரோலர் பேட்டரி. பேட்டரி போனால் ரைட் கேஷை (டிஸ்க்கில் எழுதும் முன் டேட்டா தற்காலிகமாக நிற்கும் மெமரி) நிறுத்திவிட்டு நேராக டிஸ்க்கில் எழுத ஆரம்பிக்கும், எல்லாம் மெதுவாகும். பேட்டரி இல்லாமலும் கேஷ் ஓடட்டும் என்று ஒரு டிக் இருக்கிறது, ஸ்லோ என்று போன் வந்தவுடன் அதை டிக் செய்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கரண்ட் போய் யு.பி.எஸ்.ஸும் கைவிட்டால் கேஷில் இருந்தது அத்தனையும் போய்விடும். தயவுசெய்து பேட்டரியை மாற்றுங்கள். மீடியா ஸ்கேன் என்பதையும் ஓட விடுங்கள், ரீபில்ட் சமயத்தில் தடுக்கி விழ வைக்கும் கெட்ட செக்டர்களை அது முன்கூட்டியே கண்டுபிடித்துச் சரி செய்யும்.

ஏற்கெனவே இரண்டு டிஸ்க் போய் பெட்டி நின்றுவிட்டதா? டிஸ்க்குகளைப் பிடுங்கி வெளியே அடுக்காதீர்கள், அதே பெயரில் புது குரூப் உருவாக்கிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், எதையும் இனிஷியலைஸ் (அழித்துப் புதிதாகத் தயார்) செய்யாதீர்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் மார்க்கரால் ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஸ்லாட் எண்ணை எழுதிவிட்டு எடுங்கள். டேட்டா ரெகவரி செய்பவர்களுக்கு எந்த டிஸ்க் எந்த வரிசையில் இருந்தது என்பது மிக முக்கியம், ரிச்சி தெருவுக்குச் சாக்கு மூட்டையில் கொண்டுபோய்க் கொட்டினால் அவர்களாலும் ஓரளவுக்குத்தான் முடியும்.

இனி கட்டுரையில் வந்த அந்த வரி. ரெய்டு டிஸ்க் சாவிலிருந்து காப்பாற்றும், அது மட்டும்தான். யாராவது தவறுதலாக அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் ஒழுங்காக அழிக்கும், வைரஸ் பூட்டினால் பேரிட்டி சகிதம் பூட்டியதைப் பத்திரமாக வைத்திருக்கும். டெல்லி எய்ம்ஸில் 2022 நவம்பர் 23 அன்று ரான்சம்வேர் தாக்கி ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டி.பி. டேட்டா பூட்டப்பட்டது, பல நாள் எல்லாம் கையால் எழுதும் நிலைமை. அங்கே ஓடும் இ-ஹாஸ்பிடல் சாஃப்ட்வேரின் டேட்டா மீண்டது பாதிக்கப்படாமல் தனியாக இருந்த பேக்கப் சர்வரிலிருந்துதான் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. மறுபக்கம் தென் கொரியா. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜோன் நகரில் அரசுத் தகவல் மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது, அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் எரிந்தது, 858 டி.பி. அளவு பெரியது என்பதால் அதற்கு வெளியே நகல் வைக்கவில்லை. அந்த நாட்டிலேயே அப்படி என்றால் நாம் இன்னும் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும். 44-ஐ 28 ஆக்கச் சம்மதித்த மனதோடு, அந்த 28-க்கும் வேறு கட்டிடத்தில் ஒரு நகல் இருக்கட்டும், மாதம் ஒரு தடவையாவது அதிலிருந்து ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துப் பாருங்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள். உங்கள் பத்திரிகையில் வரும் டெண்டர் விளம்பரங்களில் ஸ்டோரேஜ் என்றால் குறைந்தபட்சம் இத்தனை டி.பி. என்று மட்டும்தான் போடுகிறார்கள், அதனால் குறைந்த விலை கொடுப்பவர் ரெய்டு 5 போட்டு அந்த எண்ணைக் காட்டிவிடுகிறார், ஒழுங்காக ஹாட் ஸ்பேரோடு கணக்குப் போட்டவர் வெளியே நிற்கிறார். இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் அமைப்பில், ஹாட் ஸ்பேர் போக, பயன்படுத்தக் கிடைக்கும் கொள்ளளவு இவ்வளவு என்று டெண்டரிலேயே எழுதச் சொல்லி உங்கள் கணினிப் பக்கத்தில் ஒரு கட்டுரை போடுங்கள், வாங்கும் இடங்களில் இருப்பவர்கள் அதைப் படிப்பார்கள். இன்னொன்று, சென்ற வாரம் வந்த அந்த ஒரு வரிக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்டோரேஜ் பொறியாளர் ஒருவர்,
திருச்சி
(பெயர் வெளியிட வேண்டாம்)